இருபத்தேழு தப்படி

கொள்ளிடத்தின் தென்கரையில் சேந்தன்படுகை என்று ஓர் ஊர் இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது, அது இருப்பதற்குக் காரணம் எங்களில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நிழல் கிடையாது என்பதுதான். நம்பாதவர்கள் நேரில் வந்து பார்க்கலாம், வெயில் ஏறிய பிறகு வந்தால் நல்லது. தெருவில் நாங்கள் நடப்போம், காலடியில் ஒன்றும் இருக்காது. ஆற்றங்கரைக்குப் போனால் அங்கே ஆள் ஒருத்தரும் இருக்கமாட்டோம், எங்கள் நிழல்கள் மட்டும் சரிவில் வரிசையாகக் கிடக்கும். என் பெயர் தனக்கோடி. நூறு நாள் வேலையில் ஆள் எண்ணிப் பெயர் எழுதுகிறவள். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும், அந்த வாய் இல்லையென்றால் அத்தனை ஜனத்தையும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கரைக்கு யார் விரட்டியிருப்பார்கள்?

ஆறு எங்களைத் தின்ன ஆரம்பித்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னாலும் வெள்ளம் வரும், வந்தால் வாசல்வரை எட்டிப் பார்த்துவிட்டு, வண்டலைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போகும். நடு ஆற்றில் லாரிகள் இறங்கி வருஷக்கணக்கில் மணலை அள்ளிக்கொண்டு போனபிறகு தண்ணீருக்குப் பழைய தடம் மறந்துபோய், எங்கள் பக்கமாகச் சாய்ந்து, வெள்ளத்துக்கு வெள்ளம் நாலு தப்படி, ஐந்து தப்படி என்று கரையை அறுத்துக்கொண்டு வந்தது. முதலில் கரும்புக் கொல்லை போனது, பிறகு அய்யனார் கோயில் மண்குதிரை ஒன்று போனது, பிறகு பம்பு செட்டு, பிறகு இரண்டு வரிசைத் தென்னை. மனு எழுதிக் கொடுத்தோம், வந்து பார்த்தார்கள், அளந்தார்கள், வரும் வரும் என்றார்கள், வந்ததெல்லாம் ஆறுதான். போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் பள்ளிக்கூடத்தின் பின்சுவர் அப்படியே ஆற்றில் உட்கார்ந்த அன்றைக்கு, பக்கிரிசாமி மாமா இனிமேல் யாரையும் கேட்க வேண்டாம், நாமே கட்டுவோம் என்றார். முப்பது வருஷம் மதகு திறந்து மதகு மூடிய லஸ்கர் அவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் ஊரில் எல்லோருக்கும் லஸ்கர்தான். தண்ணீரின் குணம் அவருக்குத் தெரிந்த அளவுக்குத் தன் பெண்டாட்டியின் குணம் தெரியாது என்று அவர் பெண்டாட்டியே சொல்லும்.

தைப் பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு ஆரம்பித்தோம். கூலி கிடையாது, சாப்பாடு அவரவர் தூக்கில், மோர் மட்டும் பொது அண்டாவில். சவுக்குக் கட்டையைச் சரிவில் வரிசையாக அடித்து இறக்குவது, கட்டைக்குக் கட்டை மூங்கில் படல் கட்டுவது, படலுக்குப் பின்னால் மணல் மூட்டை அடுக்குவது, மேலே நொச்சியும் வெட்டிவேரும் நடுவது, இதுதான் வேலை. முதல் கட்டையை லஸ்கர் அடித்தார். பெரிய சம்மட்டியால் ஓங்கி ஓங்கி அடித்து, கட்டை தலைமட்டத்திலிருந்து இடுப்புமட்டத்துக்கு இறங்கியபிறகு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மோர் குடிக்க மேலேறி வந்தார். அவர் நிழல் வரவில்லை. கட்டைக்குப் பக்கத்தில் சரிவோடு சரிவாகப் படுத்து, மண்ணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டது.

நான்தான் பார்த்தேன். மாமா, உங்க நிழல அங்கேயே வுட்டுட்டு வந்துட்டீங்க என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார், ஒரு வாய் மோர் குடித்தார்.

"இருக்கட்டும் தனக்கோடி. அங்க வேல கெடக்கு."

அன்றைக்குக் கட்டை அடித்த பதினான்கு பேருக்கும் அப்படித்தான் ஆனது. மாசியில் ஒருநாள் காலம் தப்பிப் பெய்த மழையில் கரை நெடுகச் சரிந்தது, நிழல் கிடந்த பதினான்கு இடத்தில் மட்டும் ஒரு கைப்பிடி மண் நகரவில்லை. லஸ்கர் கயிறு போட்டு அளந்து, ஒரு நிழல் ஒரு மார் கரையைத் தாங்கும் என்று சொன்னார். ஒரு மார் என்றால் இரண்டு கையையும் விரித்து நிற்கும் அகலம். எங்கள் கரை முந்நூற்றுச் சொச்சம் மார் இருந்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஊர் எதைத்தான் எடுத்துக்கொள்ளாது? வயலில் நின்று தன் நிழலைத் தானே காலால் அளந்து மணி சொல்லுகிற ஆட்கள் எங்களிடம் இன்னும் நாலைந்து பேர் உண்டு, அவர்கள்தான் கொஞ்சம் திண்டாடினார்கள். சாப்பாட்டுக்கு எப்போது கரையேறுவது என்று தெரியாமல் வேலிக்காலின் நிழலை அளந்து பார்த்து, அது ஒத்துவராமல், கடைசியில் செல்போனைப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள். நிழல் இல்லாதவர்கள் தீ மிதிக்கலாமா என்று மாரியம்மன் கோயில் பூசாரிக்குச் சந்தேகம் வந்தது, பூப்போட்டுக் கேட்டார், வெள்ளைப் பூ வந்தது, எல்லோரும் மிதித்தோம். மத்தியானத்தில் ஆடுகள் மரத்தடியை விட்டுவிட்டுக் கரைக்குப் போய் எங்கள் நிழல்களில் படுத்து அசைபோட்டன, நாங்களும் விரட்டவில்லை. வடகரையிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்த பெண்வீட்டார், பையன் வாசலில் வந்து கும்பிட்டபோது காலடியில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து, குடித்த தண்ணீர்ச் செம்பைப் பாதியில் கீழே வைத்துவிட்டார்கள். பையனின் அம்மா அசரவில்லை. அத்தனை பேரையும் கரைக்கு அழைத்துக்கொண்டு போய், ஏழாவது கட்டைக்குப் பக்கத்தில் கிடந்ததைக் காட்டி, இதுதான் என் மகன், ஒரு மாசமாக ஒரு பிடி மண்ணை விடவில்லை, உங்கள் பெண்ணையா விட்டுவிடப் போகிறான் என்று கேட்டாள். வைகாசியில் கல்யாணம் நடந்தது.

பஞ்சாயத்தில் உட்கார்ந்து பேசி இரண்டு மூன்று விஷயத்தை முடிவு செய்தோம். பிள்ளைகளின் நிழல் வேண்டாம், அது இன்னும் வளர வேண்டியது. வயிற்றுப் பிள்ளைக்காரிகள் கட்டை அடிக்கக் கூடாது, அவர்கள் நிழலில் இன்னொரு நிழலும் இருக்கிறது. வெளியூர் ஆட்களை நாங்கள் தடுக்கவில்லை, ஆனால் ஊசி போட வரும் நர்ஸம்மா ஆசைப்பட்டு ஒரு கட்டை அடித்துப் பார்த்தார், அவர் நிழல் அவரோடேயே பஸ் ஏறிப் போய்விட்டது. அளக்க வந்த அதிகாரி ஒருவர் டேப்பை விரித்து நிழல்களை அளந்து, தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று வெகுநேரம் யோசித்து, 'இதர பொருட்கள்' என்ற இடத்தில் எழுதிக்கொண்டு போனார். சித்திரையில் கோவிந்தசாமி தாத்தா செத்துப்போனார். அவரைச் சுடுகாட்டில் எரித்துச் சாம்பலைக் கரைத்த பிறகும் அவர் நிழல் அறுபதாவது கட்டைக்குப் பக்கத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது, வெயிலுக்குத் தகுந்தபடி நீண்டது, சுருங்கியது. அவர் பெண்சாதி தினம் சாயங்காலம் ஒரு டம்ளர் டீ கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்து, ஆறியபிறகு எடுத்துக் குடித்துவிட்டு வரும்.

இப்படியே கிழக்கிலிருந்து மேற்காகக் கட்டிக்கொண்டு போனோம். பிள்ளைக்குழி மேட்டை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தோம்.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும், சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. எங்களில் பெரியவர்கள் செத்தால் எரிப்போம். ஐந்து வயதுக்குள் போன பிள்ளைகளை நெருப்பில் வைக்க மாட்டோம், ஆற்றோரம் அந்த மேட்டில் புதைப்போம். கல் வைக்கக் கூடாது, செடி நடக் கூடாது, அடையாளம் எதுவும் கூடாது. பெற்றவள் அந்தப் பக்கமே வரக் கூடாது, வந்தால் அவள் கால் வீட்டுக்குத் திரும்பாது, அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். தூக்கிக்கொண்டு போன ஆம்பிளை ஒருத்தனுக்குத்தான் இடம் தெரியும். பழைய புங்கமரத்துக்கு நேராகத் தண்ணீர் ஓரத்தில் நின்று, தெற்கே பார்த்துத் தப்படி வைத்து எண்ணி, இத்தனையாவது தப்படி என்று அந்த எண்ணை மனசில் வைத்துக்கொள்வான். வாயைத் திறந்து ஒருத்தரிடமும் சொல்லமாட்டான், பெண்டாட்டியிடம் கண்டிப்பாகச் சொல்லமாட்டான். எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஓர் ஆம்பிளை ஓர் எண்ணை வைத்துக்கொண்டு வாய்மூடி இருப்பான்.

கலியபெருமாள் அண்ணனும் அப்படி ஓர் எண் வைத்திருந்தார். நெல் அறுப்பு மெஷின் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அவருக்கும் தையல்நாயகி அண்ணிக்கும் ஒரே பெண் அபிராமி. நாலு வயசில், பதினெட்டு வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில், மூன்று நாள் காய்ச்சலில் போனது. அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் பயம். ஆற்றில் குளிக்க இறக்கினால் அப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டு ஊரே கேட்கிற மாதிரி அழும். தூக்கிக்கொண்டு போகும்போது அண்ணி வாசலில் விழுந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டது, என் பிள்ளையைத் தண்ணீர்கிட்ட விடாதீங்க, தண்ணீர் தொடாத இடமாகப் பார்த்து வையுங்க என்று. சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் தெருவில் இறங்கினார். மற்றவர்கள் பத்து, பதினைந்து தப்படியோடு நிற்கிற இடத்தில் அவர் நடந்துகொண்டே போனாராம். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வருஷா வருஷம் ஐப்பசியில் அந்த நாளன்று அவர் ஒருத்தராகப் போவார், புங்கமரத்துக்கு நேராகத் தண்ணீர் ஓரத்தில் நிற்பார், எண்ணி நடப்பார், ஓரிடத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். அண்ணி இந்தப் பதினெட்டு வருஷமும் கரைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை, ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் மொண்டது கிடையாது, கரை கட்டும் வேலைக்கும் வரவில்லை. நான் வீடு வீடாகப் போய்க் கத்தினேனே தவிர, அந்த வீட்டு வாசலில் மட்டும் கத்தவில்லை.

கலியபெருமாள் அண்ணன் எல்லா ஞாயிறும் வந்தார், மூட்டை தூக்கினார், படல் கட்டினார், கட்டை மட்டும் அடிக்கவில்லை. கேட்டால், மேட்டுக்கு வரும்போது அடிக்கிறேன், என் நிழல் அங்கேதான் வேணும் என்றார். அவர் மகளுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஆம்பிளையாகத் தன் நிழலை நிறுத்திவிட்டால் கொடுத்த சத்தியம் நிற்கும் என்பது அவர் எண்ணம். அவருக்காகவே மேட்டின் நடுவில், புங்கமரத்துக்கு நேராக ஒரு மார் இடத்தை விட்டுவைத்து, இரண்டு பக்கமும் மற்றவர்கள் அடித்து முடித்தார்கள்.

ஆனி மாசம் மூன்றாம் ஞாயிறு, காலை பத்து மணி இருக்கும். மேட்டில் பெண்கள் இறங்குவதில்லை என்பதால் நாங்கள் புங்கமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தண்ணீர் ஓரம் போய் நின்றார். உதடு அசையத் தெற்கே எண்ணி நடந்தார், நின்றார், குனிந்து அந்த மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், திரும்ப வந்து கட்டையை அடித்தார். அப்படி ஓர் அடியை நான் பார்த்ததில்லை, ஒவ்வொரு அடிக்கும் காலடி மண் அதிர்ந்தது. கட்டை இறங்கி முடிந்ததும் நிழல் அவர் காலிலிருந்து கழன்றது. சரிவில் இறங்கியது. மற்ற நிழல்களைப் போல இதோ படுக்கப்போகிறது, இதோ மண்ணைப் பிடிக்கப்போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறோம், அது படுக்கவில்லை. கோடையிலும் வற்றாத மடு அந்த இடத்தில், அந்தத் தண்ணீருக்குள் இறங்கி, மேலாகவே நடந்து, நாங்கள் பார்க்கப் பார்க்கப் போய்க்கொண்டே இருந்து, ஆற்றுக்குள் வெகுதூரத்தில் ஓரிடத்தில் நின்றது. பிறகு நகரவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, நிழல் நின்றுகொண்டிருந்தது.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை. வழிதவறிப் போன ஆட்டைக் கூப்பிடுகிற மாதிரி, இங்க வா, இங்க வா என்று கையைக் காட்டிக்கொண்டு நின்றார், பார்க்கப் பாவமாக இருந்தது. லஸ்கர்தான் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் போனார். நிழல் நின்ற இடத்தைக் கண்ணாலேயே அளந்தார், கரையைப் பார்த்தார், மறுபடி அளந்தார்.

"கலியா, எத்தனைன்னு சொல்லு. இனிமே மறைச்சு ஆவப்போறது ஒண்ணும் இல்ல."

"இருவத்தேழு."

"எங்கேருந்து?"

"தண்ணி ஓரத்திலேருந்து."

"எந்தத் தண்ணி ஓரம்?" என்று கேட்டார் லஸ்கர்.

பதினெட்டு வருஷத்தில் ஆறு எழுபது தப்படி உள்ளே வந்திருக்கிறது, புங்கமரத்தின் முன்னால் நூறு தப்படி இருந்த மேடு இப்போது முப்பது தப்படியாகக் குறுகிவிட்டது. எழுபதில் இருபத்தேழு போனால் நாற்பத்து மூன்று. அந்த நிழல் கரையிலிருந்து நாற்பத்து மூன்று தப்படி தள்ளித் தண்ணீரில் நின்றது. ஆறு நகர்ந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும், வருஷா வருஷம் கண்ணால் பார்த்தோம். எங்கள் எண்ணும் அதோடு சேர்ந்து நகர்கிறது என்று ஒரு மூளைக்கும் எட்டவில்லை. அவர் ஒவ்வொரு ஐப்பசியிலும் புதிது புதிதாக ஒரு வெறும் மண்ணில் உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறார். பிள்ளை எப்போதோ, ஆறு ஏழு வருஷத்திலேயே, அது எதற்குப் பயந்ததோ அதற்குள் போய்விட்டிருக்கிறது.

பிறகுதான் ஒரு கொடுமை நடந்தது. மேட்டில் நின்ற ஆம்பிளைகள் ஒவ்வொருத்தராகக் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். ஒருத்தன் ஆற்றைப் பார்த்து உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தான், இன்னொருத்தன் எண்ணாமலே கீழே உட்கார்ந்துவிட்டான். எல்லோருடைய எண்ணும் தண்ணீர் ஓரத்திலிருந்துதானே ஆரம்பித்தது. புங்கமரத்தடியில் நாங்கள் பெண்கள் நின்று, எங்கள் புருஷன்மார் முகத்தையும் அண்ணன் தம்பி முகத்தையும் பார்த்து, அவர்கள் இத்தனை வருஷம் சொல்லாத எண்ணெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டோம். எனக்கும் ஒன்று அங்கே உண்டு. மூன்று நாள் பிள்ளை, பெயர்கூட வைக்கவில்லை. என் அண்ணன் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான், எண்ணைச் சொல்லாமலே அவனும் செத்துப்போனான். இருபத்தெட்டு வருஷமாக நான் அழாத அழுகையை அன்றைக்கு அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு ஒருத்தரும் கரைக்கு வரவில்லை. நானும் விரட்டவில்லை. இல்லாத பிள்ளைகளுக்கா இத்தனை பாடு என்று வெளிப்படையாகவே பேசினார்கள். கலியபெருமாள் அண்ணன் வீட்டுக்குள் போகவில்லை, மெஷின் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார், அண்ணி கொடுத்தனுப்பிய சோறு மூடியபடி திரும்பி வந்தது. ஊர்ச் செய்தி அண்ணி காதுக்குப் போகாமலா இருக்கும்? யாரும் சொல்லத் தேவைகூட இல்லை, அவர்கள் வீட்டு மாடிப்படியில் நின்றால் ஆறு தெரியும், ஆற்றில் அவர் நிழல் தெரியும். இத்தனை வருஷம் கேட்டும் சொல்லாத இடத்தை அது காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆடி பிறந்தது. மேலே அணை நிரம்பிவிட்டதென்றும், தண்ணீர் திறந்துவிட்டாயிற்று, கரையோரத்து ஜனங்கள் ஆடுமாடுகளோடு மேட்டுக்குப் போங்கள் என்றும் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். தண்ணீர் வந்து சேர இன்னும் ஒரு பகல் இருந்தது. லஸ்கர் கரை நெடுக நடந்து பார்த்துவிட்டு வந்து, எல்லா இடமும் நிற்கும், மேட்டு நடுவில் அந்த ஒரு மார் மட்டும் நிற்காது, கட்டை இருக்கிறது நிழல் இல்லை, அதன் வழியாக நுழைந்தால் பின்னாலேயே தெரு என்றார். யாரிடம் நிழல் மிச்சம் இருக்கிறது? எல்லோரும் கொடுத்துவிட்டோம். பிள்ளைகளையும் வயிற்றுப் பிள்ளைக்காரிகளையும் விட்டால் ஊரில் நிழலோடு நடமாடிய பெரிய மனுஷி ஒருத்திதான்.

நான் போய்க் கேட்கவில்லை, கேட்க எனக்கு வாய் வரவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு அண்ணி தானாகவே தெருவில் இறங்கி வந்தது. புடவையை வரிந்து கட்டியிருந்தது, தோளில் கடப்பாரை, காலடியில் ஒரு நிழல். அந்தத் தெருவில் அதைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்ததால் சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தன. புங்கமரத்தைத் தாண்டியது, பெண்கள் நிற்கிற எல்லையைத் தாண்டியது, மேட்டில் இறங்கியது. கொட்டகையிலிருந்து கலியபெருமாள் அண்ணன் ஓடி வந்தார். நீ இங்க வரக் கூடாது தையலு, வரக் கூடாது என்றார், அதற்கு மேல் நிற்க முடியாமல் அண்ணி கால்மாட்டிலேயே உட்கார்ந்து, சத்தியத்தைக் காப்பாத்தலியே, தண்ணியில விட்டுட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அண்ணி அவரைத் தூக்கவில்லை, திட்டவும் இல்லை. ஆற்றில் நின்ற நிழலைப் பார்த்தபடியே சொன்னது.

"பயந்துக்கிட்டு இருப்பாளேன்னுதான் இத்தன வருசம் நான் தூங்கல. இப்ப நீங்க பக்கத்துல நிக்கிறீங்க. நீங்க அங்கயே நில்லுங்க. இங்க நான் நிக்கிறேன்."

அவர் அடித்திருந்த கட்டைக்குப் பக்கத்தில் கடப்பாரையால் குழி போட்டு, இன்னொரு கட்டையை நட்டு, சம்மட்டியை எங்களிடமிருந்து வாங்கித் தானே அடித்தது. ஐம்பது வயசுக்காரி, ஒல்லி உடம்பு. நாங்கள் கைகொடுக்கப் போனோம், வேண்டாம் என்றுவிட்டது. எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. கட்டை இறங்கியதும் அண்ணியின் நிழல் கழன்று சரிவில் படுத்து, இரண்டு கையையும் விரித்தது, இரண்டு பக்கமும் இருந்த நிழல்களைத் தொட்டது. அதன் பிறகுதான் நாங்கள் பெண்கள் அத்தனை பேரும் எல்லையைத் தாண்டி மேட்டில் இறங்கினோம், ஆம்பிளைகளும் வந்தார்கள், வெளிச்சம் இருக்கிறவரைக்கும் மூட்டை அடுக்கினோம். இல்லாத பிள்ளைகளுக்கா என்று யாரும் கேட்கவில்லை. பின்னால் இருந்த தெருவில் இருக்கிற பிள்ளைகள் இருந்தன.

மறுநாள் காலையில் தண்ணீர் வந்தது. செக்கச் செவேலென்று, வேரோடு பிடுங்கிய வாழையும் வைக்கோல் போருமாக, கரைக்கும் கரைக்கும் முட்டிக்கொண்டு வந்தது. மூன்று நாள் நின்று பார்த்தோம். எங்கள் நிழல்கள் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன, மேலே ஒன்றும் தெரியவில்லை, ஆனால் எங்கள் உடம்பில் தெரிந்தது. முந்நூறு பேருக்கும் ஒரே நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது, ராத்திரி முழுக்க முனகியதாக வீட்டுக்கு வீடு சொன்னார்கள். ஆற்றில் நின்ற கலியபெருமாள் அண்ணன் நிழல் மட்டும் தண்ணீருக்கு மேலேயே கண்ணுக்குத் தெரிந்தது. அத்தனை பெரிய வெள்ளமும் அங்கே வந்ததும் இரண்டாகப் பிரிந்தது. அதற்குப் பின்னால், நிழலுக்கும் எங்கள் மேட்டுக்கும் நடுவில், தண்ணீர் வேகம் அடங்கிச் சும்மா சுற்றிக்கொண்டு நின்றது. லஸ்கர் அதைப் பார்த்துவிட்டு, முப்பது வருஷத்தில் இப்படி ஒரு தடுப்பு எந்த இஞ்சினியரும் போட்டதில்லை என்றார். கலியபெருமாள் அண்ணன் மூன்று நாளும் எதையும் பிடித்துக்கொள்ளாமல் கரையில் நின்றார், அண்ணி அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு நின்றது. ஒரு மார் கரைகூடப் போகவில்லை.

வெள்ளம் வடிந்தபோது அந்த இடத்தில் மடு இல்லை. சுற்றி நின்ற தண்ணீர் தான் கொண்டுவந்த வண்டலையெல்லாம் அங்கேயே இறக்கிவிட்டுப் போயிருந்தது. ஐப்பசி வெள்ளத்தில் அது இன்னும் உயர்ந்தது. தை பிறந்தபோது மேட்டிலிருந்து அவர் நிழல் நிற்கிற இடம்வரைக்கும், அதைத் தாண்டியும், காய்ந்த திட்டாக மண் கிடந்தது, நாணல்கூட முளைத்துவிட்டது. பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன், அப்படிச் சொல்லுகிற ஆள் நான் இல்லை. அவர்கள் இருந்த இடம் திரும்பி வந்தது.

கரை கட்ட ஆரம்பித்து ஒரு வருஷம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். நாங்கள் செத்துப்போன நொச்சிக்குப் பதில் புது நொச்சி நட்டுக்கொண்டிருந்தோம். அண்ணி தன் நிழலைத் தாண்டித் திட்டில் இறங்கியது, அவர் பின்னாலேயே இறங்கினார். நாலு தப்படி போனதும் அவர் உதடு அசைய ஆரம்பித்தது. பதினெட்டு வருஷப் பழக்கம், பாவம், தானாக வருகிறது. அண்ணி நின்று, திரும்பி, அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

"எண்ணாதீங்க. அதான் தெரியுதே."

அவர் வாய் நின்றது. இரண்டு பேரும் அவர் நிழல்வரைக்கும் நடந்து போய், அதன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தராக நொச்சிக் கட்டைக் கீழே வைத்துவிட்டுத் திட்டில் இறங்கினார்கள், அவரவர் வீட்டு ஆம்பிளை முன்னால் நடந்தான், இங்கே இருக்கலாம், இல்லை இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு. எனக்கு முன்னால் நடக்க ஆள் இல்லை, எண்ணும் தெரியாது. செருப்பைக் கரையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு நானும் இறங்கினேன். கிழக்குக் கோடியில் ஆரம்பித்து, ஓரிடம் விடாமல், திட்டு முழுவதும் நடந்தேன்.